தவிட்டுப் பிள்ளையின் வேஷம்

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துதே குடையுதே என்று ஒருவன் அலறினானாம். அந்த ஓணானை என் மடியில் கட்டிவிட்டவர் என் வீட்டுக்காரர். அலறியது நான்.

அவர் அப்போது மலாயாவில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தார். ஜப்பான்காரன் சண்டைக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு. நாலைந்து கட்டில் போட்ட தகரக் கொட்டகைதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. அதன் பின்புறம் எங்கள் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு வயது மகளைக் குளுவாங் டவுனுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தோம். படக்கடைக்காரரும் ஒரு ஜப்பானியர்தான். கறுப்புத் துணிக்குள் அவர் தலையை விட்டதும், தலையில்லாத மனுஷன் என்று பயந்து இவள் அழ ஆரம்பித்தாள். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் நிற்கும்போது அவர் படத்தைப் பிடித்துவிட்டார். அது அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்க் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். எதிர்த்த ஜவுளிக்கடை முதலாளி பார்த்துவிட்டுத் தன் புது வருஷக் காலண்டருக்கு அதைக் கேட்டார். என் வீட்டுக்காரர் அங்கேயே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துதான் என்னிடம் சொன்னார்.

காலண்டர் வந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தொங்கியது. சுவரில் வேறு இடமில்லாதவர்கள் சாமி படங்களோடு சேர்த்து மாட்டி, வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது என் மகளுக்கும் காட்டினார்கள். போகட்டும் என்று விட்டேன். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் தாய்மார் கூட்டம். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை. தங்கள் பிள்ளையையும் படத்தில் ஏற்றிவிட வேண்டுமாம். நான் ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு அழுதது, அவர் பாட்டுக்குப் பிடித்தார் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். மறுநாள் ஒருத்தி வந்து, தன் பிள்ளையும் அழகாக அழும் என்று காட்டுவதற்காக என் கண்ணெதிரே அதன் தொடையைக் கிள்ளினாள். அது அழுத அழுகையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஜவுளிக்கடை முதலாளி அடுத்த வருஷத்துக்கு வேறு பிள்ளை வேண்டும், இந்தத் தடவை சிரிக்கிற பிள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். அது எப்படியோ லயத்துக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நான் பிள்ளைகளையும் தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு குளுவாங் படக்கடைப் படியேறினேன் என்று எனக்கே நினைவில்லை. முதலாளி கேட்ட உதவி, செய்யாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்வார்.

அந்தத் தாய்மார்களைப் பற்றி என்ன சொல்ல! சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலப் பிள்ளை முகத்தில் பவுடரை அப்பிக் கொண்டுவருவார்கள். கண்ணேறு படாமலிருக்கக் கன்னத்தில் காசு அகலத்துக்கு ஒரு மைப்பொட்டு. பொட்டோடு காலண்டரில் போட மாட்டேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். படக்கடைக்காரர் ஈரத்துணியால் பொட்டைத் துடைப்பார். அவர் கறுப்புத் துணிக்குள் போனதும் தாய் ஓடிப்போய்த் திரும்ப வைப்பாள். அவர் வெளியே வந்து துடைப்பார். இவள் வைப்பாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவளும் இவள்தான், எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று என் உயிரை வாங்குகிறவளும் இவள்தான். பொட்டில்லாமல் எடுக்கச் சம்மதமில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டு என்று ஒருத்தியிடம் கத்தினேன். அவள் பொட்டைப் பிள்ளையின் உள்ளங்காலில் வைத்துவிட்டு, இப்ப சரிதானே என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷை தெரியாது. கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாய்தான் பொது. பிள்ளையை நாற்காலியில் உட்கார்த்தி, அசையாதே என்பதற்கு "ஜாங்கான் கெராக்" என்பார். பிடித்து முடித்ததும் "சூடா" என்பார், முடிந்தது என்று. இதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் லயத்தில் ஒரு விளையாட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு "ஜாங்கான் கெராக்" என்று கத்துவான். மற்றவர்கள் நின்றபடியே, உட்கார்ந்தபடியே கல்லாகிவிட வேண்டும். அவன் "சூடா" சொல்லும்வரை அசையக் கூடாது. தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் எதிரே இப்படி நாலு பிள்ளைகள் கல்லாய் நின்றால் அவள் எந்தப் பக்கம் போவாள்? அதற்கும் திட்டு எனக்குத்தான் வந்தது.

இந்தக் கூட்டத்தில் சேராதவள் ஒருத்தி இருந்தாள். கடைசி லயத்துப் பால்வெட்டுக்காரி, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மூன்றுக்கும் மருந்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர். ஒவ்வொன்று போனபோதும் அவர் இரண்டு நாள் சோறு தொடவில்லை. இந்தப் படக் கூத்துக்கெல்லாம் நாலைந்து வருஷம் முன்பு நாலாவதாக ஒரு பையன் பிறந்தபோது, அவள் அவனை முறத்தில் போட்டு எங்கள் வீட்டுப் படியில் கொண்டுவந்து வைத்தாள். நான் தவிடு கொடுத்து அவனை வாங்க வேண்டும். அப்புறம் அவன் என் பிள்ளை, அவள் சும்மா வளர்த்துக் கொடுக்கிறவள். அடுத்தவள் வீட்டுப் பிள்ளை என்றால் எமன் ஏமாந்து போய்விடுவானாம். தவிட்டுக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்துக்கு வருவதோ தீட்டிய ரங்கூன் அரிசி. கடைசியில் பன்றி வளர்க்கும் சீனக் கிழவரிடம் போய், பன்றிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி கேட்டு வாங்கினேன். உங்கள் வீட்டிலும் பன்றி வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்டார். தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் தவிட்டுப் பிள்ளை. மூக்குக் குத்தி, நல்ல சட்டை போடாமல், யார் கண்ணிலும் படாமல் வளர்த்தாள். அவனைப் படமெடுக்க யாரும் கூப்பிட்டதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. ஆனால் விளையாட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. "சூடா" சொல்ல மறந்துவிட்டு மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டால், அவன் வெயிலில் அப்படியே நிற்பான்.

இப்படி இருக்கும்போதுதான் குளுவாங்குக்கு நாடகக் கம்பெனி வந்தது. தமிழ்ச் சீமையிலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் ஊராக ஆடிக்கொண்டு வருகிற கம்பெனி. மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார்கள். அவர்களுடைய நாடகத்தில் காட்டுக்குப் போன ராஜா வீட்டுப் பிள்ளையைப் பாம்பு கடித்துவிடும். ராணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புலம்புவாள். கடைசியில் சாமி வந்து எழுப்புவார். பிள்ளை வேஷம் போட்ட பையன் கப்பலிலேயே வளர்ந்துவிட்டானாம். ராணி மடியில் படுத்தால் கால் திரைக்கு வெளியே போகிறது. நோட்டீசுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் அந்தப் படக்கடைக்காரர் என்னைக் கைகாட்டியிருக்கிறார்.

கம்பெனி மேனேஜர் நேரே என் வீட்டுக்கு வந்து, "பிள்ளைங்கள ஏற்பாடு பண்ணிக் குடுக்கிறது நீங்கதானேம்மா?" என்று கேட்டார். என் கையில் துடைப்பம் ஒன்று இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

தோட்டத்தில் செய்தி பரவிய வேகத்தைப் பார்த்து, நாளை வாசலில் நிற்க இடமிருக்காது என்று நினைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. விசாரித்தால், எல்லாருக்கும் ஒரே பதில். சாமி வேஷம் என்றால் சொல்லுங்கள், ராஜா வேஷம் என்றால் சொல்லுங்கள், பிணமாகப் படுக்க எங்கள் பிள்ளைதான் கிடைத்ததா? தொடையைக் கிள்ளிக் காட்டினாளே, அவள் என்னைப் பார்த்ததும் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வேறு பாதையில் போனாள். இத்தனை நாள் என் பிராணனை எடுத்த கூட்டம் இப்போது என்னைக் கண்டு ஒளிகிறது. கோபம் ஒரு பக்கம். விட்டது சனியன் என்ற நிம்மதி இன்னொரு பக்கம்.

அன்று மத்தியானம் வெட்டின ரப்பர்ப் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டுத் திரும்புகிற வழியில் கடைசி லயத்துக்காரி வந்து என் படியில் உட்கார்ந்தாள்.

"எம் பையன் படுப்பாம்மா," என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறவள் வாயில் வருகிற பேச்சா இது, நாடகப் பைத்தியம் உன்னையும் பிடித்ததா, இதற்கா நான் பன்றித் தவிட்டுக்கு நாயாய் அலைந்தேன் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதற்காக என்று கேட்டேன். காரணத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் கேட்டுவிடுவான் என்றாள். யார் என்று கேட்டதற்குத் தெற்குப் பக்கம் கையைக் காட்டினாள். அப்புறம் தலையைத் தூக்கி, "உங்க பிள்ளைதானேம்மா. நீங்க வாங்கின பிள்ளை. நீங்க சரின்னு சொன்னாதான் நடக்கும்," என்றாள்.

நல்ல நியாயம். தூக்கி வளர்ப்பது அவள், அனுமதி கொடுத்த பாவம் எனக்கு. முடியாது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். சேலையில் ரப்பர்ப் பால் வாடையோடு படியில் உட்கார்ந்திருப்பாள். நான் விளக்குமாறு எடுத்தால் எழுந்து நின்று, பெருக்கி முடித்ததும் திரும்ப உட்காருவாள். வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து, "அவ கேக்குறத செஞ்சுடு. நாம அவளுக்கு வேற என்ன செஞ்சிருக்கோம்?" என்றார். மேனேஜருக்குச் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

ஒத்திகை என்று ஒன்று நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. ராணி வேஷக்காரர் மீசையைச் சிரைத்த கட்டுமஸ்தான ஆள். வெற்றிலை மணக்க மணக்க அவர் குனிந்து புலம்பினால் பையனுக்குச் சிரிப்பு வரும். கொசு கடித்தால் பிணம் கையை ஓங்கி அடிக்கும். துணிக்குள் பஞ்சடைத்த பாம்பின்மேல் அவனுக்கு ஒரே ஆசை. கடிபட்டு விழுந்த பிறகு ஒரு கண்ணைத் திறந்து, பாம்பை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பான். செத்த மாதிரிப் படு என்று மேனேஜர் சொல்லச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. தூங்கு கண்ணு என்றேன். நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டான். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அடித்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், இத்தனை நாள் நான் தனியாகத்தானே அடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு நாள் பொறுமை போய், "ஜாங்கான் கெராக்!" என்று கத்தினேன். பையன் அப்படியே கட்டையானான். கண் மூடியபடி, வாய் பாதி திறந்தபடி, ஒரு விரல்கூட அசையவில்லை. ராணி அவனைத் தூக்கினார், புரட்டினார், மார்பில் அறைந்துகொண்டு அழுதார். அசைவில்லை. மேனேஜர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இது ஏன் முதல் நாளே எனக்குத் தோன்றவில்லை என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அன்றிலிருந்து பையன் விழுந்ததும் நான் திரை ஓரத்திலிருந்து மெதுவாக அதைச் சொல்வேன். ஒத்திகை முடிந்ததும் பாம்பைக் கையில் கொடுத்துச் "சூடா" சொல்லுவேன். சாமி வந்து எழுப்பும் கட்டத்துக்கு ஒத்திகையே பார்க்கவில்லை. சாமி வேஷக்காரருக்குப் பல்வலி. எழுந்து நிற்பதற்கு என்ன ஒத்திகை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன்.

தோட்டத்து ஆட்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பகலாட்டம் வைத்தார்கள். லாரியில் ஏறி மொத்தத் தோட்டமும் வந்தது. பிணமாகப் படுக்க எங்கள் பிள்ளையா என்று கேட்டவர்கள்தான் முன்வரிசைப் பாயைப் பிடித்தார்கள். பையனின் தாய் நடுவில், ஒரு வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வெள்ளை கட்டி நான் பார்த்ததே இல்லை.

பாம்பு கடித்தது. பையன் விழுந்தான். நான் ஓரத்திலிருந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ராணி அவனை மடியில் போட்டுப் புலம்பத் தொடங்கினார். இரண்டு அடி பாடியிருப்பார், பிடித்தது ஒரு மழை. ஜொகூர் மழை தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. ராணியின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். மேனேஜர், புலம்பலை வெட்டிவிட்டுச் சாமியை இறக்கு என்று கையைக் காட்டினார்.

அப்போது அவள் எழுந்தாள். முடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, மழைக்கு மேலே ஒரு குரல் எடுத்தாள். ஊரில் நாற்றங்காலில், இங்கே பால்மரக் காட்டில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"மூணு குழி வெட்டினேனே, நாலாவதும் வெட்டினேனே,
வாங்க வந்த மகராசா, உன் கணக்குத் தீந்துபோச்சே.
ஊருசனம் சாட்சி வச்சு இவனுக்கும் அழுதுட்டேனே,
இன்னொருக்கா என் வாசல் ஏறி வந்து நிக்காதே!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெற்றவளாக அழ வேண்டிய அழுகையை முன்னாலேயே, ஊர் பார்க்க, முழுதாக அழுது முடித்துவிட வந்திருக்கிறாள். பிள்ளை செத்தாயிற்று, தாய் அழுதாயிற்று, இனி எமனுக்கு இங்கே வேலையில்லை. இதற்காகத்தான் என் படியில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள். இவளையா நாடகப் பைத்தியம் என்று திட்டினேன்! முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, அவள் தோளில் கை போட்டு வட்டமாக நின்று கூட அழுதார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுக்காதவள் யார்? மேனேஜர் காட்டிய கை அப்படியே நின்றது.

மழை கொஞ்சம் தணிந்தது. அவளும் அடங்கினாள். சாமி இறங்கி வந்து பையனின் நெற்றியைத் தொட்டு, குழந்தாய் எழுந்திரு என்றார். பையன் எழுந்திருக்கவில்லை. சாமி இன்னொரு தடவை சொன்னார். ராணி அவனை உலுக்கினார். தலை ஒரு பக்கம் தொங்கியது. தாய் நின்ற இடத்தில் நின்றாள், முகத்தில் ரத்தமில்லை. முட்டாள் ஜென்மங்களா, யார் அவனிடம் முடிந்தது என்று சொன்னீர்கள்? நான் திரையை விலக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க மேடைக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"சூடா! டேய், சூடா!"

பையன் எழுந்து உட்கார்ந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "பாம்பு எங்க?" என்றான்.

அன்று கொட்டகையில் விழுந்த கைதட்டலைக் கேட்டு மேனேஜர் சொக்கிப்போனார். பையனைத் தைப்பிங், பினாங்கு என்று கூட அழைத்துப் போகிறேன், பெரிய நடிகனாக்குகிறேன் என்று மறுநாள் வந்து நின்றார். தாய் யோசிக்கக்கூட இல்லை. அவனுக்கு அந்த ஒரு வேஷம் போதும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மற்ற தாய்மார்கள்? கேட்க வேண்டுமா! பிணமாகப் படுக்க எங்கள் பிள்ளைகள் தயார் என்று திரும்ப என் வாசலில் வரிசை. துடைப்பத்தை எடுத்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மற்ற மூன்றுக்கும் வந்த அதே குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் போட்டு என் வீட்டுக்காரர் கொய்னா மருந்து கொடுத்தார். பையன் கண்ணைத் திறக்கவில்லை. அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தாய் கதவோரம் நின்றாள், சலனமில்லாமல். அவளுடைய அந்த நிதானம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. படித்தவள், டிரஸ்ஸர் பெண்டாட்டி, எனக்குத் தெரியாதா அந்தக் காய்ச்சலைப் பற்றி? தெரிந்துகொண்டுதான் குனிந்து அவன் காதில் "சூடா" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈரத்துணி மாற்றினேன். சும்மா சும்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேர்த்தது. அப்புறம் வெகு நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, வாய் கசக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றான்.

நான் உடைந்துபோனேன். தேம்பி அழ ஆரம்பித்தேன். அதுவரை என் வீட்டுப் படிக்கு மேலே ஏறாதவள், என்னைத் தொட்டுப் பேசாதவள், ஓடிவந்து பால்வாடை அடிக்கும் உள்ளங்கையால் என் வாயை இறுகப் பொத்தினாள்.

"அழக் கூடாதும்மா," என்றாள். "அவனுக்கு அழுது முடிச்சாச்சு."

நான் அழுகையை விழுங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன்.